அதிபரின் பெயரில்
கணினி ஆசிரியையான நான், ஒவ்வொரு பிள்ளைக்கும் கணினியில் தனிக்கணக்கு வேண்டும் என்று எங்கள் பள்ளிக்கூட அதிபர் காசிநாதருடன் எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறேன். மனுசன் கேட்கவில்லை.

"என்ர அட்மின் கணக்கின்ர பாஸ்வேர்டையே எல்லாருக்கும் குடுங்கோ, ரீச்சர். ஒவ்வொண்டுக்கும் உங்களைக் கேட்டுக்கொண்டு நிக்க ஏலாது."

பிள்ளைகள் அவர் பெயரிலேயே நுழைந்து கண்டதையெல்லாம் ஏற்றினார்கள்.

இரண்டாயிரத்து ஆறில், துறைமுகப் பக்கம் குண்டு வெடித்த மறுநாள், பாடம் நடந்துகொண்டிருந்த கணினி அறைக்குள் துப்பாக்கிக்காரர் நாலு பேர் புகுந்தார்கள். ஒரு கணினியில், செத்த போராளி ஒருவனுக்கு இயக்கம் போட்ட அஞ்சலிச் சுவரொட்டி அகப்பட்டது. திரையில் காசிநாதரின் பெயர். அவரை அறைக்குள் இழுத்துவந்து, விசைப்பலகையைப் பிடுங்கி அவர் வாயிலேயே அடித்தார்கள். பல் தெறித்தது.

"அது எல்லாரும் பாவிக்கிற கணக்கு" என்றேன் நான்.

ஒருவன் துப்பாக்கியைப் பிள்ளைகள் பக்கம் திருப்பினான். "அப்ப இதுகளில ஆர்?"

அதிபர் இரத்தத்தைத் துப்பினார். "ரீச்சருக்கு ஒண்டும் தெரியாது. நான்தான் செய்தனான்."

முற்றத்துக்கு இழுத்துப்போய், பிள்ளைகள் பார்க்கவே சுட்டார்கள்.

அவர்மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அவர் என் சொல்லைக் கேட்டிருந்தால், அந்தத் திரையில் ஒரு பிள்ளையின் பெயர் இருந்திருக்கும்.