இருபதாவது முட்டை

காஞ்சிபுரத்துப் பெரிய பள்ளி ஒன்றும் பட்டு ஜவுளிக்கடை முதலாளி குமரகுருவும் சேர்ந்து அந்தக் கிராமத்துத் தொடக்கப்பள்ளியைத் தத்தெடுத்ததில் தலைமையாசிரியை காவேரிக்கு முதலில் சந்தோஷம்தான். கூரைக்குப் புது ஓடு வந்தது, கழிப்பறைக்குக் கதவு வந்தது. வாரம் இரண்டு நாள் சத்யப்ரியா என்ற கெட்டிக்கார ஆசிரியை வந்து நான்காம், ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தாள். ஆனால் வருடக் கடைசியில், நன்றாகப் படித்த இரண்டு பிள்ளைகளைத் தங்கள் பள்ளிக்கே அள்ளிக்கொண்டு போனார்கள். இப்படியும் ஒரு தத்து! கூண்டுக்கு வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டுக் கோழியைத் தூக்கிப் போவது மாதிரி.

மிஞ்சியது பத்தொன்பது பேர். இருபதுக்குக் கீழே போனால் பள்ளியை மூடி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். லாரி பறக்கிற சாலையை அந்தச் சின்னஞ்சிறுசுகள் எப்படிக் கடக்கும்? காவேரி மனதைக் கல்லாக்கிக்கொண்டு பதிவேட்டில் இருபதாவதாக ஒரு பெயரை எழுதினாள். கீர்த்தி, நான்காம் வகுப்பு.

பொய்ப்பெயர்தானே, எதையாவது எழுதித் தொலைத்திருக்கலாம். ஒன்பது வருடத்துக்கு முன் பிறந்து, அரைமணி நேரமே மூச்சுவிட்ட தன் மகளுக்கு நினைத்து வைத்திருந்த பெயரை எழுதினாள். பிறந்த தேதியும் அவளுடையதுதான். அங்கேதான் தப்பு செய்தாள்.

சத்துணவுக்குத் தினமும் இருபது முட்டை வரும். மிஞ்சுகிற ஒன்றைச் சமையல்கார லோகாம்பாள் வீட்டுக்கு எடுத்துப் போவாள். ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வெறும் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, முட்டை மிச்சம் ஆவல."

"எதுனா புள்ள ரெண்டா துன்னிருக்கும்."

"இல்லமா. தட்டுக்கு ஒண்ணுதான் வெச்சேன். இருபது தட்டு எச்சிலா கெடக்குது."

அன்றிலிருந்து ஒருநாளும் முட்டை மிஞ்சவில்லை.

வெள்ளிக்கிழமை சத்யப்ரியா வகுப்பு முடிந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "மேடம், ஜன்னலாண்ட உக்காந்துக்கினு இருக்காளே கீர்த்தி, செம ப்ரைட்! நான் போர்டுல எழுதறதுக்குள்ள ஆன்ஸர் சொல்றா."

காவேரி வகுப்புக்கு ஓடினாள். ஜன்னலோரம் காலியாக இருந்தது. பெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள், கதகதவென்று இருந்தது.

"ஒண்ணுக்குப் போயிருக்குது டீச்சர்" என்றது பக்கத்துப் பிள்ளை, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

ஒவ்வொரு தடவையும் அப்படியே. எல்லார் கண்ணுக்கும் தெரிகிறவள் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. பயத்தைவிட அந்த ஏக்கம்தான் காவேரியை அரித்துத் தின்றது.

வருடக் கடைசியில் குமரகுருவும் சத்யப்ரியாவும் டி.சி. விண்ணப்பத்தோடு வந்தார்கள்.

குமரகுருதான் பேசினார். "இந்த வருஷம் கீர்த்தி ஒருத்தி போதும்மா. ஹாஸ்டல், புக்ஸு, எல்லாம் நம்ம செலவு."

சத்யப்ரியாவே எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தாள். அங்க அடையாளம் என்ற இடத்தில் காவேரியின் கண் நின்றது. 'இடது காதுக்குப் பின்னால் மச்சம்.'

ஆஸ்பத்திரித் துண்டை விலக்கி அவள் ஒரே ஒரு முறை பார்த்த மச்சம். புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

தலைமையாசிரியை முடியாது என்றால் குமரகுரு மேலிடத்துக்கு ஒரு போன் போட்டுக் காரியத்தை முடித்துவிடுவார். பெண் போனால் பள்ளியும் போகும். காவேரி தாளின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பெற்றோர் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. அதில் 'அனுப்பச் சம்மதமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"அங்க நீங்க ஏம்மா போட்றீங்க?" என்றார் குமரகுரு.

"நான்தான் சார் அவ அம்மா."

அந்த வார்த்தையை வாழ்நாளில் முதல்முறையாகச் சொன்னாள்.

சத்யப்ரியா ஆச்சரியப்படவே இல்லை. "நெனச்சேன் மேடம். அப்படியே உங்க ஜாடை."

சாயங்காலம் டவுன் பஸ்ஸில் கூட்டம் இல்லை. காவேரி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் பெண்களுக்கான இலவச டிக்கெட்டில் இரண்டு கிழித்து நீட்டினார்.

"உங்களுக்கு ஒண்ணு, பாப்பாவுக்கு ஒண்ணுமா."

இரண்டையும் வாங்கிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பஸ் வளைவில் திரும்பியபோது அவள் தோளில் ஒரு சின்னத் தலை சாய்ந்தது. அவித்த முட்டை வாசனை அடித்தது.