மிண்டல் நிறுத்திய வாசிப்பு

அந்தச் சனிக்கிழமை, ஓய்வுநாள் காலையில், மிண்டல் ஜெபக்கூடத்தின் பெண்கள் மாடத்துக்குப் படியேறவில்லை. ஆண்கள் நுழையும் கதவுக்கு வெளியே, கறுப்புச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குளிரில் நின்றாள். முழங்கால் வலியால்தான் நிற்கிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் கைகொடுக்க வந்தார்கள். "நீங்க மேல போங்கடி. எனக்குக் கீழதான் வேலை" என்று அவர்களை அனுப்பிவிட்டாள்.

உள்ளே காலை வேண்டுதல் முடியும் தறுவாயில் இருந்தது. அடுத்துப் பேழையைத் திறந்து வேதமான தோராச் சுருளை எடுத்து அந்த வாரப் பகுதியை வாசிக்க வேண்டும். அந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தாள்.

ஜெபக்கூடத்தை விற்கப் போகிறார்கள் என்பதுதான் விஷயம். வாங்குகிறவர் ஒரு புகையிலை வியாபாரி. இலைகளைக் கட்டித் தொங்கவிட உயரமும் காற்றோட்டமும் உள்ள கொட்டகை தேடிக்கொண்டிருந்த மனிதர். எங்கள் ஹெர்லன்பாக் ஊர் யூத ஜெபக்கூடம் அவர் கண்ணுக்குக் கொட்டகையாகத் தெரிந்ததில் தப்பில்லை. அல்சேஸ் சீமை முழுக்கத் தேடினாலும் இதைவிடச் சின்னதாக இன்னொன்று கிடைக்காது என்று நாங்களே பீற்றிக்கொள்வோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து. அதற்குப் பிறகு ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள பெரிய ஊர் ஜெபக்கூடத்தோடு எங்கள் ஆட்கள் சேர்ந்துகொள்வார்கள். ஓய்வுநாளில் நடக்க அனுமதித்த தூரத்தைத் தாண்டி இருக்கிற ஊர் அது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் போய், யார் வீட்டிலாவது ஒண்டிக்கொண்டு, சனி இரவு திரும்ப வேண்டும்.

ஏற்பாட்டைச் செய்தவர் கூடத்தின் தலைவர் ஹிர்ட்ஸ், மாட்டு வியாபாரி. கெட்ட மனிதர் இல்லை. ரயில் வந்த பிறகு குடும்பம் குடும்பமாக ஊரைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். வேண்டுதல் தொடங்கப் பத்து ஆண்கள் வேண்டும். பல வாரங்களில் வழிப்போக்கு யாசகர் ஒருவரைப் பிடித்து, சூப் ஊற்றி உட்கார வைத்தால்தான் பத்து தேறியது. கூரை வேறு ஒழுகியது. ஹிர்ட்ஸின் நான்கு பெண்களும் கல்யாணமாகி நகரங்களுக்குப் போய்விட்டார்கள். ஒவ்வொரு கல்யாணம் முடிந்து திரும்பும்போதும் அவருக்குச் சொந்த ஊர் இன்னும் கொஞ்சம் சுருங்கித் தெரிந்தது.

மிண்டல் வாத்து வளர்ப்பவள். மக்காச்சோளம் ஊட்டி ஊட்டி அவள் கொழுக்க வைக்கும் வாத்துக்கு மாவட்டம் முழுக்கப் பேர் உண்டு. வாத்தின் தொண்டையில் சோளத்தைத் தள்ளுகிற மாதிரியே மனிதர்கள் தொண்டையில் பேச்சைத் தள்ளுவாள் என்பது ஊரில் பழைய கிண்டல். கணவன் கோஷல் செத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. பிள்ளை இல்லை.

அந்தக் கூடம் எழுந்த கதையைச் சொன்னால்தான் அவள் கதவுக்கு வெளியே நின்ற கோபம் புரியும். அதற்கு முன்னால் வேண்டுதல் நடந்தது ஹிர்ட்ஸின் அப்பா வீட்டுத் தொழுவத்தின் பரணில். மேலே ஆமேன் சொன்னால் கீழே மாடும் சேர்ந்துகொள்ளும். கல் கட்டடம் கட்டக் கையில் வசதி இல்லை. ஆனால் ஊர் ஆண்களில் பாதிப் பேர் சுமை வியாபாரிகள். ஞாயிறு காலை துணி, நாடா, ஊசி எல்லாம் மூட்டை கட்டி முதுகில் ஏற்றிப் புறப்பட்டால், கிராமம் கிராமமாகச் சுற்றிவிட்டு வெள்ளி மாலை வீடு திரும்புவார்கள். திரும்பும் மூட்டையில் காலி இடம் இருக்குமே, அதில் ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தால் என்ன என்று கோஷல்தான் கேட்டான். அப்படித்தான் கட்டினார்கள். ஒருவர் கதவுக் கீல் கொண்டுவந்தார், ஒருவர் கூரை ஓடு. ஷ்மூலே கொண்டுவந்த ஆணிப் பையில் ஓட்டை. ஊர் எல்லையிலிருந்து வாசல்வரை ஆணியாய்ச் சிந்திக்கொண்டே வந்து, வெறும் பையைப் பெருமையாக நீட்டினார். அவர் அம்மா சல்லடையோடு போய்ச் சேற்றை அலசிப் பொறுக்கி வந்தாள். ஹிர்ட்ஸின் அப்பா நிலமும் கொடுத்து, தன் தொழுவத்து உத்தரத்தையும் பிரித்துக் கொடுத்தார். இப்போதும் அந்த உத்தரத்தில் மாடு கட்டிய கயிறு தேய்த்த பள்ளம் இருக்கிறது. முதுகில் சுமந்து முதுகில் சுமந்து கட்டிய வீடு. எந்த நகரத்துக் கோபுரத்தையும் அதற்கு ஈடாகச் சொல்ல எனக்கு மனம் வராது.

கோஷல் கொண்டுவந்தது ஜன்னல் கண்ணாடி. வாரத்துக்கு ஒன்று, விற்காத கம்பளித் துணி இரண்டுக்கு நடுவில் வைத்து. ஒன்றுகூடக் கீறல் விழவில்லை. கடைசிக் கண்ணாடியைக் கொண்டுவந்தபோது நல்ல பனி. உட்கார்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும் என்று வழியெல்லாம் உட்காராமலே நடந்து வந்தான். ஒப்படைத்துவிட்டுப் படுத்தவன் மறுபடி எழவில்லை. மார்ச்சளி. படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து ஹிர்ட்ஸின் அப்பா அன்றைக்குச் சொன்னதை மிண்டல் தன் காதால் கேட்டாள்: "பிள்ளை இல்லைன்னு கலங்காத கோஷல். இந்தக் கூடம் நிக்கிறவரைக்கும் உன் நினைவுநாள்ல இங்க கதிஷ் கேக்கும்." செத்தவருக்காக மகன் எழுந்து நின்று சொல்லும் வேண்டுதல் கதிஷ். சபை ஆமேன் சொல்ல வேண்டும். மகன் இல்லாத கோஷலுக்கு வருஷம் தவறாமல் வேண்டுதல் நடத்தும் வாத்தியார் ஃபைஸ்டல் எழுந்து நின்று சொன்னார். மிண்டல் மாடத்து மரச்சட்டத்தின் பின்னாலிருந்து ஆமேன் சொல்வாள். அந்த ஒரு ஆமேனுக்காகத்தான் மீதி வருஷம் முழுவதும் அந்தப் படிகளை ஏறினாள். கூடம் நிற்கிறவரைக்கும் என்பதுதானே வாக்கு. கூடம் கொட்டகையானால் வாக்கும் போயிற்று.

வாத்தியார் பேழைத் திரையில் கைவைத்த நேரம் மிண்டல் உள்ளே வந்தாள். பெண்கள் கால் வைக்காத இடத்தில் நேராக நடந்து, வாசிப்பு மேசையை உள்ளங்கையால் மூன்று முறை அறைந்தாள்.

"நிறுத்துங்க வாத்தியாரே. எனக்கு ஒரு நியாயம் ஆகவேண்டியிருக்கு. அது ஆகாம சுருள் வெளிய வரக்கூடாது."

ஃபைஸ்டல் திரையிலிருந்து கையை எடுத்துவிட்டார். எங்களிடம் இருக்கும் பழைய வழக்கம் அது. சபையில் யாருக்காவது அநியாயம் நடந்து, கேட்பார் இல்லையென்றால், வாசிப்பை நிறுத்தலாம். ஏழைக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. அவர்கள் சரி என்று சொல்லும்வரை தலைவரே ஆனாலும் மேலே நடத்த முடியாது. எங்கள் ஊரில் அதை யாரும் செய்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஹிர்ட்ஸ் முன்வரிசையிலிருந்து எழுந்தார். "அக்கா, ஓய்வுநாள்ல கொடுக்கல் வாங்கல் பேசக்கூடாது. நாளைக்குப் பேசிக்கலாம்."

"நாளைக்குப் பேசறதுக்கு என்னப்பா மிச்சம் இருக்கும், புகையில நாத்தமா? நான் கொடுக்கல் வாங்கல் பேசல. உங்க அப்பா கொடுத்த வாக்கைப் பேசறேன்."

"கோஷல் அண்ணனுக்குப் புது இடத்துலயும் கதிஷ் சொல்லுவாங்க. நான் ஏற்பாடு பண்றேன்."

"யாரு சொல்லுவா? அந்த ஊரு ஆளுங்களா? 'யாருய்யா இந்தக் கோஷல்'னு கேப்பாங்க. 'எங்க ஊர்ல கண்ணாடி கொண்டாந்து வச்சாரு'ம்ப. 'எங்க அந்தக் கண்ணாடி'ம்பாங்க. புகையிலைக்கு வெளிச்சம் காட்டுதுன்னு சொல்லுவியா?"

பின்வரிசையில் ஷ்மூலே சிரித்துவிட்டார். ஹிர்ட்ஸ் திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

"உணர்ச்சிவசப்பட்டு என்ன பிரயோஜனம்? பத்துப் பேரு சேரல அக்கா. வாரா வாரம் நான்தான் வீடு வீடாப் போய் ஆள் பிடிக்கிறேன். உங்களுக்கு அது தெரியுமா?"

"தெரியும். அந்த யாசகனுக்கு சூப் யாரு வீட்லேர்ந்து வருதுன்னு நெனச்ச?"

ஹிர்ட்ஸுக்கு அது தெரியாது. மிண்டல் இந்த வாரத்தைக் காரணமில்லாமல் தேர்ந்தெடுக்கவில்லை. பாலைவனத்தில் கடவுளுக்குக் கூடாரம் எழுப்ப மோசே கேட்க, ஆணும் பெண்ணும் வீட்டில் இருந்ததையெல்லாம் எடுத்து வந்து குவித்து, கடைசியில் போதும் என்று அவரே நிறுத்தச் சொன்ன பகுதிதான் அன்றைக்கு வாசிக்க வேண்டியது. அதை எண்ணி வாரக்கணக்காகப் பொறுத்திருந்தாள்.

"சரி, வித்துக்கோ" என்றாள் மிண்டல். "ஆனா அவங்கவங்க கொண்டாந்தத அவங்கவங்க எடுத்துக்கட்டும். நாளைக்குக் காலைல நான் ஏணியும் போர்வையுமா வந்து என் கண்ணாடிய கழட்டிக்கிறேன். ஷ்மூலே, நீ உன் ஆணியப் பிடுங்கிக்க. சல்லடை என்கிட்ட இருக்கு. கீல் கொண்டாந்தவரு பேரன் கீலை எடுத்துக்கட்டும். மிச்சம் இருக்கறதப் புகையிலைக்காரனுக்குக் குடு."

"மிச்சம் என்ன இருக்கும்?" என்றார் ஷ்மூலே.

"ஓட்டை."

இந்த முறை யாரும் இருமவில்லை, வெளிப்படையாகவே சிரித்தார்கள். பிறகு ஆளாளுக்குப் பேசத் தொடங்கி, கூரை, ரயில், பத்துப் பேர் என்று பேச்சு வளர்ந்து, பொழுது உச்சிக்கு ஏறியது. கதவு தட்டும் சத்தம் கேட்டது. ரொட்டிக் கடைக்காரர் மார்த்தீன், எங்கள் மதத்தவர் அல்ல, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஓய்வுநாளில் நாங்கள் நெருப்பு மூட்டக்கூடாது என்பதால் எங்கள் வீட்டுச் சட்டிகள் எல்லாம் வெள்ளிக்கிழமையே அவர் அடுப்புக்குள் போய்விடும். வேண்டுதல் முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்வோம்.

"மன்னிக்கணும். உங்க சட்டிங்கள்லாம் அடிப்பிடிச்ச வாசனை வருது. எடுக்கட்டுமா, விடட்டுமா?"

எடு என்று சொன்னால் ஓய்வுநாளில் அவரை வேலை ஏவியதாகிவிடும். ஹிர்ட்ஸ் மேற்கூரையைப் பார்த்தார். "அடிப்பிடிச்ச சாப்பாடு யாருக்குமே பிடிக்காது, மார்த்தீன்" என்று பொதுவாகச் சொன்னார்.

"புரிஞ்சுது" என்று மார்த்தீன் போய்விட்டார். வருஷக்கணக்காக எங்களோடு இருக்கிறவருக்கு இது புரியாதா?

மேற்கூரையைப் பார்த்த ஹிர்ட்ஸின் கண் அங்கேயே நின்றுவிட்டது. தன் அப்பா கொடுத்த உத்தரம். கயிறு தேய்த்த பள்ளம். மிண்டல் அதைக் கவனித்தாள். வியாபாரத்தில் எதிராளி தடுமாறும் இடம் அவளுக்குத் தெரியும். ஆனால் அடுத்ததைக் கேட்கும்போது அவள் குரலில் வியாபாரம் இல்லை, தணிந்துவிட்டது.

"ஹிர்ட்ஸு, உனக்கு நாலும் பொண்ணு. உனக்கு யாருப்பா கதிஷ் சொல்லுவா?"

ஊரே அறிந்த விஷயம்தான். ஆனால் அவர் முகத்துக்கு நேரே யாரும் அதை எடுத்ததில்லை. நான்கு மருமகன்களுக்கும் அவரவர் அப்பா இருக்கிறார், அவர்களுக்குச் சொல்லவே நேரம் போதாது. ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள ஊரில் ஹிர்ட்ஸ் புதிதாக வந்த மாட்டு வியாபாரி மட்டும்தான். எந்த வாக்கை விற்கப் போகிறோமோ அதே வாக்குதான் தனக்கும் வேண்டியிருக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிற மனிதர், இதைப் பார்க்கத் தவறிவிட்டார்.

அவர் உட்கார்ந்துவிட்டார். மிண்டலுக்கு வெற்றியாக இல்லை. குத்திவிட்டோமே என்றிருந்தது.

"பத்துப் பேருக்கு நான் எங்க போவேன் அக்கா" என்றார். குரலில் சண்டை இல்லை.

"நாலு மருமகனுங்க இருக்காங்கல்ல. ரயிலு ஆளுங்கள கொண்டுபோகத்தான் விட்டிருக்கா, கொண்டாந்து விடாதா? வாரம் ஒருத்தர் வரட்டும். மாமனார் வீட்ல ரெண்டு நாள் தின்னா கரைஞ்சா போயிடுவாங்க? வாத்து நான் தரேன்."

ஹிர்ட்ஸ் எழுந்து பேழைக்கு முன்னால் போய் நின்றார். ஓய்வுநாளில் சத்தியம் செய்வதில்லை. அதனால் சும்மா சொன்னார். "கூடம் விக்கறதுக்கில்ல." சபை கேட்டது. எங்கள் ஊரில் அது போதும்.

எல்லோரும் மிண்டலைப் பார்த்தார்கள். அவள் சொன்னால்தான் வாசிப்பு. அவள் சால்வையைச் சரிசெய்துகொண்டாள்.

"வாசிங்க வாத்தியாரே."

ஆனால் ஃபைஸ்டல் வாசிக்கவில்லை. வெளிப்படிக்கட்டு ஒவ்வொரு படியாக முனகுவதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவள் முழங்காலுக்குப் படிகள் ஏற நேரம் பிடித்தது. மேலே பலகை இருக்கை கிறீச்சிட்ட பிறகுதான் திரையை விலக்கினார்.

மருமகன்கள் வந்தார்கள். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு வாத்துக்காக, அதற்கும் பிறகு என்னவோ தெரியவில்லை, முறை வராத வாரத்திலும் வந்தார்கள். ஒருவன் கூரையை மாற்றிக் கொடுத்தான். ஓடுகளை வண்டியில் அனுப்பியிருக்கலாம். ரயிலிலிருந்து இறங்கும்போதெல்லாம் முதுகுப் பையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொண்டுவந்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மிண்டலும் ஹிர்ட்ஸும் அதன் பிறகும் சண்டை போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். சூப்பில் உப்பு, வாத்து விலை, அடுப்பு விறகு, எதுவும் மிச்சமில்லை. அவர் "வெயில்" என்றால் அவள் "மேகம்" என்பாள். அவர்தான் முதலில் போனார்.

அவருடைய முதல் நினைவுநாளில் வாத்தியார் கோஷலுக்குச் சொன்னது போலவே எழுந்து நின்று கதிஷ் சொன்னார். சபை வாய் திறப்பதற்கு முன்பே மாடத்துச் சட்டத்தின் பின்னாலிருந்து கிழட்டுக் குரல் ஒன்று கணீரென்று "ஆமேன்" என்றது. ஹிர்ட்ஸ் விஷயத்தில் மிண்டல் எதிர்ப்பேச்சு இல்லாமல் சொன்ன ஒரே சொல் அதுதான்.