நேரே இருநூற்றிருபது

ரெசிஃபி ஆஸ்பத்திரியின் ரிப்பேர் அறையில் வியாபாரி எவரால்டோ வாயெல்லாம் பல்லாக நின்றான். சால்வடாரிலிருந்து மலிவாக அள்ளி வந்த ஆறு மூச்சு மிஷின்களை ஆஸ்பத்திரி தலையில் கட்டப் பார்க்கிறான். அந்த ஊர் மின்சாரம் நூற்றிருபத்தேழு வோல்ட், இங்கே இருநூற்றிருபது. தாங்கும் என்று சோதித்து ஆஸ்பத்திரி மெக்கானிக் இராசி கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் முதல் மிஷின் அவள் தங்கை நீல்சாவுக்கு. அது இல்லாமல் தூங்கினால் நீல்சாவுக்கு மூச்சு நின்றுபோகும். மூன்று மாதமாக மேலே வார்டில் கிடக்கிறாள், பிள்ளைகள் இரண்டும் வீட்டில்.

"பாருங்கக்கா, ஜம்முன்னு ஓடுது!"

ஓடத்தான் செய்தது. பிளக்குக்கும் மிஷினுக்கும் நடுவே ஒரு நூறு வாட் பல்பைக் கோத்திருந்தான். பழுதான சாமானைக் கருகவிடாமல் சோதிக்க மெக்கானிக்குகள் செய்கிற வேலை அது. பல்பு மங்கலாக எரிந்தது. இராசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யார் காதுல பூ சுத்துற? பாதி வோல்ட்ட பல்பு முழுங்குது. மிஷினுக்குப் போறது அதே பழைய நூத்திச் சொச்சம். என் தங்கச்சி வீட்டுச் சுவத்துல பல்பா கோத்திருக்கு?"

"பெரிய டாக்டரே பாத்துட்டுத் தலையாட்டிட்டாரு. உங்களுக்கென்ன? தங்கச்சி வீட்டுக்குப் போக வேணாமா?"

தங்கையைக் காட்டியா பேரம் பேசுகிறான், கட்டையில போறவன்! இராசி பிளக்கைப் பிடுங்கினாள், பல்பைக் கழற்றி எறிந்தாள், மிஷினை நேரே சுவரில் செருகப் போனாள்.

"ஐயோ, வேணாம்க்கா!" என்று அலறி எவரால்டோ கதவோரம் பாய்ந்தான்.

செருகினாள். மிஷின் ஊளையிட்டது, டப்பென்று வெடித்தது. அறை முழுக்கக் கருகல் நாற்றம்.

"ஏண்டா ஓடின? வெடிக்கும்னு தெரிஞ்சேதான கொண்டாந்த? பாவி, அவ முகத்துல மாட்டியிருந்தா?"

"நீ ஒடச்சது உன் தங்கச்சி மிஷின்தான், தெரிஞ்சுக்கோ," என்று முனகினான்.

"மிச்சம் அஞ்சும் இங்கதான் கெடக்கும். வோல்ட்டக் குறைக்க மிஷினுக்கொரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிட்டு வா. அதுவரைக்கும் கையெழுத்தும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது!"

மாடியில் நீல்சா பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, செருப்பு மாட்டித் தயாராக உட்கார்ந்திருந்தாள். இராசி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

நீல்சா பையைக் கட்டிலில் வைத்துவிட்டுக் குனிந்து ஒரு செருப்பைக் கழற்றினாள். அதைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி எழுந்தாள்.

"அவன் இன்னும் கீழதான இருக்கான்?"