கடைசி இடத்துப் பூஜ்யம்

ரங்ன்ஹில்ட் ஓம்தால் என் மேசைக்கு வந்தபோது அவள் கோட்டிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. எப்போதும் மழை பெய்யும் பெர்கன் நகரில் அதை யாரும் கவனிப்பதில்லை. நான் இங்கே ஒரு கடலியல் ஆய்விதழில் கட்டுரைகளை அச்சுக்குச் சீர்செய்கிறவன்.

மலைகளுக்கு நடுவே புகுந்த கடலான ஃபியோர்டின் தண்ணீர் தொண்ணூறு ஆண்டுகளில் 0.6 டிகிரி சூடேறியிருக்கிறது என்பது அவள் கட்டுரை. மதிப்பீட்டாளர் அதை ஏற்க மறுத்துவிட்டார். 1936-ஆம் ஆண்டு அட்டவணையில் 7.3, 6.8 என்ற எண்களுக்கு நடுவே வெறும் 7, வெறும் 5 என்றும் இருந்தன. குத்துமதிப்பான அளவை வைத்து அரை டிகிரியைப் பற்றிப் பேசக் கூடாது என்றார் அவர். அதில் தவறும் இல்லை. எங்கள் உலகில் 7 என்றால் ஏறக்குறைய ஏழு, 7.0 என்றால் பத்தில் ஒரு பங்குவரை பார்த்துச் சொன்ன ஏழு. கட்டுரை போனால் அவளுடைய முனைவர் பட்டத் தேர்வும் அடுத்த வருடத்துக்குப் போய்விடும்.

"ஒரு பூஜ்யத்துக்காக நாலு வருஷ உழைப்பு போகணுமா? உங்க ஆளுங்களுக்கு வேற வேலையே இல்லையா, ஷெல்?"

"எனக்கு இதுதான் வேலையே" என்றேன்.

அட்டவணையை எண்ணிப் பார்த்தேன். 240 அளவுகளில் முழு எண்கள் 23. கிட்டத்தட்ட பத்தில் ஒன்று. பத்தில் ஒரு பங்குவரை ஒழுங்காகப் பார்த்து எழுதினால் கடைசி இடத்தில் பூஜ்யம் அந்த அளவுக்குத்தான் வரும். குத்துமதிப்பாக எழுதியிருந்தால் இன்னும் நிறைய வந்திருக்கும். இதை எதில் ஏற்றினாய் என்று கேட்டேன். கணினியில், விரிதாள் மென்பொருளில் என்றாள். அந்த மென்பொருள் 7.0 என்று தட்டினால் 7 ஆக்கிவிடும். அப்படியானால் மூல ஏட்டைத்தான் பார்க்கணும் என்றாள்.

மதியமே இருவரும் ஆவணக் காப்பகத்துக்குப் போனோம். அளவெடுத்தவள் குன்வோர் ஸ்டேனே, ஹெர்ரிங் மீனுக்கு உப்புப் போடும் கொட்டகையில் வேலை பார்த்தவள். கொட்டகை திறந்திருந்த நாட்களில் காலைதோறும் படகுத்துறையில் வாளியை இறக்கி, அந்த நீரில் வெப்பமானியை வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்திருக்கிறாள். ஏடு முழுக்க உப்புக் கறை. புயல் நாட்களில் பென்சில் தாளைக் கிழித்திருந்தது. அப்போதும் 7,0; எங்கள் ஊரில் கையால் எழுதும்போது தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. அப்போதும் 6,0. ஒவ்வொரு பூஜ்யத்தையும் முழுசாக வளைத்துப் போட்டிருந்தாள்.

ஜனவரி 31-இல் ரங்ன்ஹில்டின் விரல் நின்றது. அங்கே வெறும் 5. அடியில் சின்ன எழுத்தில்: 'பூதக்கண்ணாடி உடைந்துவிட்டது. சிறு கோடுகள் தெரியவில்லை.' மறுநாள் 5,2. பக்கத்தில், 'பாதிரியாரின் கண்ணாடி, இரவல்.'



"ஒரு பூஜ்யத்தைப் போட்டுட்டுப் போயிருந்தா யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் ரங்ன்ஹில்ட்.

இருபத்திரண்டு பூஜ்யங்களை அவள் திரும்பச் சேர்த்தாள். மிச்சம் அந்த 5. ஒரு நிரலில் எல்லா எண்களுக்கும் ஒரே அளவு தசம இடங்கள் இருக்க வேண்டும் என்பது எங்கள் இதழின் சட்டம். பதினொரு வருடமாக நானே அதைக் காவல் காத்திருக்கிறேன். இதழின் தலைமைப் பதிப்பாசிரியர் பெரித், அது ஏன் மொட்டையாக நிற்கிறது என்று கேட்டு எழுதினார். ஏட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "தொடாதே."

வியாழக்கிழமை மதிப்பீட்டாளர் தன் மறுப்பைத் திரும்பப் பெற்றார். தேர்வுத் தேதி உறுதியானது. அச்சுப்படியில் அந்த நிரலை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். 5-க்கு வலப்புறம் ஒரு எண் அகலத்துக்கு வெற்றிடம். குன்வோரால் பார்க்க முடியாமல் போன இடம் அது. அதை அப்படியே அச்சுக்கு அனுப்பினேன்.