இடைவேளையில் வந்த ஏழு பேர்

மேடம் இருபது வருடம் கட்சிக் கொறடாவாக இருந்தவர். எதிரணி ஆட்களை இழுத்து வந்தே மூன்று ஆட்சிகளைக் கவிழ்த்தவர். அவரைக் கொண்டுவந்து எங்கள் கால்பந்து கிளப்புக்குத் தலைமை அதிகாரி ஆக்கினார்கள். பயிற்சியாளனான என்னை யார் கேட்டார்கள்?

முதல் ஆட்டத்திலேயே பாதி நேரத்துக்குள் மூன்று கோல் வாங்கினோம்.

“பதறாதீங்க கோச், பத்து நிமிஷம் குடுங்க” என்றவர், எதிரணியின் அறைக்குள் நுழைந்தார். திரும்பும்போது ஏழு பேர் எங்கள் சட்டையோடு பின்னால் வந்தார்கள். நடுவர் முறைத்தார்.

“பெரும்பான்மை எங்க பக்கம். விசில ஊதுங்க!”

ஊதிவிட்டார் மனிதர்.

நாங்கள் பதினெட்டுப் பேர், அவர்கள் நாலே பேர். அப்படியும் இன்னும் ஐந்து கோல் வாங்கினோம். வந்த ஏழு பேருக்கும் கேப்டன் பதவி தருவதாக மேடம் சொல்லியிருந்தார். சொந்த ஆட்கள் முறுக்கிக்கொள்ளவே அவர்களுக்கும் கொடுத்துவிட்டார். பதினெட்டுப் பேரும் கையில் கேப்டன் பட்டையோடு நின்ற இடத்திலிருந்தே உத்தரவு போட்டார்கள். ஓடத்தான் ஆளில்லை.

மேடம் அசரவில்லை. “அந்த நாலு பேருக்கு என்ன வேணுமாம்? கேட்டுட்டு வாங்க.”

கேட்டுவிட்டு வந்தேன்.

“பந்து மட்டும் போதுமாம் மேடம். அது அவங்ககிட்டதான் இருக்கு.”