நெத்திலிக்கு ஒரு ரசீது

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த சவரிநாதனின் வீட்டுக்குத் தளம் மாற்ற வேண்டி வந்தது. போன மழைக்குப் படுக்கையறையில் நான்கு பாத்திரங்கள் வைத்துத் தூங்கியிருந்தார்கள். ஒரு மாதம் வீட்டைக் காலி பண்ணிக்கொடுத்தால் வேலையை முடித்துவிடலாம் என்றார் மேஸ்திரி. திருச்சியில் இருந்த மகள் சில்வியா, இங்கே வந்து இருங்கள் என்று கூப்பிட்டாள். சவரிநாதனும் மனைவி ஆலிஸும் கிளம்பத் தயார்தான். நெத்திலியை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

நெத்திலி அவர்கள் வளர்க்கும் நாய். ஐந்து வருடத்துக்கு முன்னால் காசிமேட்டில் மீன் வாங்கப் போன ஆலிஸின் கூடைக்குள் தானாக ஏறி உட்கார்ந்துகொண்ட குட்டி. அன்றைக்கு அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. இப்போது இருபத்தாறு கிலோ.

முதலில் ஒரு நாய் விடுதியைப் போய்ப் பார்த்தார்கள். ஏசி, மெத்தை எல்லாம் இருந்தது. நெத்திலி என்ன சாப்பிடும் என்று விடுதிக்காரர் கேட்டார். முள் எடுத்த சங்கரா மீன், குழம்பு ஊற்றிய சோறு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி என்றாள் ஆலிஸ். அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு ஆலிஸுக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸிலேயே, நாயும் தங்களுடன் வரும் என்று சொல்லிவிட்டாள்.

சவரிநாதனுக்கு உற்சாகம் பிறந்தது. அவர் ரயில்வேயில் முப்பத்திரண்டு வருடம் பார்சல் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸில் அவருக்கு ரூல் சவரி என்று பெயர். ஒரு கையெழுத்து குறைந்தாலும் மூட்டையை நகர்த்த மாட்டார். ரயிலில் நாய் போவதென்றால் கடைசிப் பெட்டியில், கார்டின் பொறுப்பில், நாய்க் கூண்டில்தான் போக வேண்டும். எத்தனையோ பேருடைய நாய்களை அவர் அப்படி ஏற்றி அனுப்பியிருக்கிறார். சொந்த நாயை அனுப்புவது இதுதான் முதல் தடவை.

மூன்று வாரம் ஏற்பாடு நடந்தது. தடுப்பூசிப் புத்தகம், மருத்துவர் சான்றிதழ், நாயின் புகைப்படம் எல்லாவற்றுக்கும் நான்கு நகல் எடுத்து ஒரு ஃபைலில் கட்டினார். ரயில் கூண்டுக்குப் பழகட்டும் என்று பழைய பலகைகளை வைத்து ஒரு பெட்டி செய்தார். நெத்திலி உள்ளே போக மறுத்தது. எப்படி உட்காருவது என்று காட்ட சவரிநாதன் தவழ்ந்து உள்ளே போனார். இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆலிஸும் எதிர்வீட்டு டில்லிபாபுவும் சேர்ந்து காலைப் பிடித்து இழுத்து அவரை வெளியே எடுத்தார்கள். இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த நெத்திலி, அவர் வெளியே வந்ததும் உள்ளே போய்ப் படுத்தது. அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு மட்டும்தான் வெளியே வந்தது.

கிளம்பும் நாளன்று, காலை ரயிலுக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே எழும்பூர் போய்ச் சேர்ந்தார்கள். பார்சல் ஆபீஸில் பத்தே நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. சான்றிதழை ஒரு பார்வை பார்த்து, பணத்தை வாங்கிக்கொண்டு ரசீதைக் கொடுத்துவிட்டார்கள். நகல்களை யாரும் கேட்கவே இல்லை. சவரிநாதனுக்கு மனசு விட்டுப்போயிற்று. ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையின் வாயை ஊக்கால் குத்திக்கொண்டார்.

அவர்களுடைய பெட்டி ரயிலின் முன்பக்கம், நெத்திலி கடைசியில். வழியில் நாய்க்குத் தண்ணீர் காட்டுவது சொந்தக்காரர் பொறுப்பு என்பது விதி. விழுப்புரத்தில் ரயில் நின்றதும், பாட்டிலும் கிண்ணமுமாகச் சவரிநாதன் பிளாட்பாரம் முழுக்க ஓடினார். நெத்திலி மெதுவாகக் குடித்தது. நிறுத்தி அவரைப் பார்த்தது. மறுபடி குடித்தது. கார்டு விசில் ஊதி, கிண்ணத்தை வெளியே எடுத்துக் கதவைச் சாத்திவிட்டு, பக்கத்துப் பெட்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னார். அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. ஒரு தாவு தாவியிருந்தால் ஏறியிருக்கலாம். ஆனால் ஓடும் ரயிலில் ஏறுகிறவர்களை முப்பத்திரண்டு வருடம் திட்டிய மனிதர் அவர். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். உள்ளேயிருந்து நெத்திலி குரைக்கும் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

பக்கத்து சீட் காலியாகவே இருப்பதை ஆலிஸ் கவனித்து, போன் செய்தாள்.

"விழுப்புரத்துலயா கீறீங்க?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த ரயிலில் வருவதாக அவர் சொன்னார். இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் அந்த ரயில்.

திருச்சியில் இறங்கி, மூன்று பைகளையும் சுமந்துகொண்டு ஆலிஸ் பார்சல் ஆபீஸுக்குப் போனாள். நாயைக் கூண்டோடு அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கிளார்க் ராசையா நல்ல மனிதர்தான், ஆனால் ரசீது இல்லாமல் நாயைத் தர முடியாது என்றார். ரசீது ஊக்குப் போட்ட சட்டைப் பைக்குள், விழுப்புரத்தில் இருந்தது. அவள் கணவருக்குப் போன் போட்டு ராசையாவிடம் கொடுத்தாள். இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். ராசையா அடிக்கடி தலையாட்டினார். பிறகு போன் ஆலிஸிடம் திரும்பி வந்தது.

"அவரு சொல்றது கரெக்டு ஆலிஸ்," என்றார் சவரிநாதன். "அந்த எடத்துல நா இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன். நல்லா வேல கத்துகினு கீறாரு."

ஆலிஸ் போனை வைத்தாள். வாசலோரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

நெத்திலி தள்ளுவண்டி போனால் குரைத்தது. போன் அடித்தால் குரைத்தது. ராசையா முத்திரை குத்தும் ஒவ்வொரு முறையும் குரைத்தது. நாற்பது நிமிடம் பொறுத்துப் பார்த்த ராசையா, எழுந்து ஆலிஸிடம் வந்தார். ஆதார் அட்டையைக் காட்டி, ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு நாயைக் கூட்டிப் போகும்படி தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார்.

"ரசீது இல்லாம எப்டி சார் குடுப்பீங்க?" என்றாள் ஆலிஸ். "நாளிக்கு வேற ஆரனா வந்து எங்க நாயின்னு சொன்னா இன்னா பண்ணுவீங்க? அவரே வரட்டும். நா குந்திகினு கீறேன்."

ராசையா கெஞ்சிப் பார்த்தார். அவள் அசையவில்லை. கடைசியில் கூண்டையாவது திறந்துவிடலாமா என்று கேட்டார். அதற்கு மட்டும் சம்மதித்தாள். வெளியே வந்த நெத்திலி ஆபீஸை ஒரு சுற்று மோந்து பார்த்துவிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே, ராசையாவின் செருப்பில் தலையை வைத்துப் படுத்தது. குரைப்பு நின்றது. அதன்பிறகு அவர் எழுந்து போகவும் முடியாமல் முத்திரை குத்தவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். ஆலிஸ் டப்பாவைத் திறந்து புளிசாதத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தாள்.

ஆறு மணிக்கு மேல் சவரிநாதன் வந்து சேர்ந்தார். வழி முழுக்க நின்றுகொண்டே வந்ததில் சட்டை கசங்கிப்போயிருந்தது. ஊக்கைக் கழற்றி ரசீதை நீட்டினார். ராசையா அதைப் பார்க்காமலேயே கையெழுத்துக்கு நோட்டைத் தள்ளினார். கூண்டில் ஒட்டிய எண்ணோடு ரசீது எண்ணைச் சரிபார்க்கவில்லையே என்று சவரிநாதன் நினைவுபடுத்தினார். ராசையா ஆலிஸைப் பார்த்தார். ஆலிஸ் கூரையைப் பார்த்தாள். ராசையா எழுந்துபோய் எண்ணைச் சரிபார்த்துவிட்டு வந்தார்.

சங்கிலி மாட்டுகிற சாக்கில் சவரிநாதன் கீழே குனிந்தார். நெத்திலியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அந்த ரயில் போன பிறகு விழுப்புரத்தில் எப்படி நின்றார் என்பதை அவர் ஆலிஸிடம் சொல்லவில்லை.

சில்வியாவின் வீடு மூன்றாவது மாடி. லிப்ட் இருந்தது. முந்நூறு கிலோமீட்டர் கூண்டில் வந்த நெத்திலி, லிப்டுக்குள் ஓரடி எடுத்து வைக்க மறுத்தது. ஆலிஸ் பைகளோடு தனியாக மேலே போனாள். சவரிநாதன் நாயோடு படியேறினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

சற்று நேரத்தில், மேலேயிருந்து ஆலிஸ் ஒரு சொம்புத் தண்ணீரோடு இறங்கி வந்தாள். பார்சல் ஆபீஸில் போனை வைத்தது முதல் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"பாவம், எப்டி மூச்சு வாங்குது பாரு," என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. சவரிநாதன்தான் முதலில் கையை நீட்டினார்.