உப்பு அட்டைக்குள் அண்ணன் தம்பி

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூலகத்தில் வேலை பார்ப்பவள் என்றதும் குரலே எழும்பாத சாது என்று யாராவது நினைத்தால், அது அவர்கள் தலையெழுத்து. பக்கத்தை மடக்கி வைத்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் என் பார்வையைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை வேறு வரிசையில் போய் நிற்பார்கள்.

இருபத்தாறு வருடமாக இதே கட்டடம். கடைசி நான்கு வருடமாக வீட்டு வாசகர் பிரிவு. மாடி இறங்க முடியாதவர்கள், இடுப்பு ஒடிந்தவர்கள், படுக்கையோடு கிடப்பவர்கள் என்று மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆளுக்கு ஒரு துணிப்பை வேனில் போகும். பைக்குள் ஐந்து புத்தகம்: புனைவு மூன்று, அபுனைவு இரண்டு. கதை மட்டுமே படிக்கிறவர் தலையில் கொஞ்சம் உலக விஷயமும் ஏறட்டும், உலக விஷயம் மட்டுமே படிக்கிறவர் கொஞ்சம் அழவும் செய்யட்டும் என்று எந்தப் புண்ணியவானோ போட்ட விதி. எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ‘அபுனைவு’ என்ற சொல்லோடு மட்டும்தான் சண்டை. யாரிடமாவது அதைச் சொன்னால், ஏதோ வியாதியின் பெயரைக் கேட்டது போல முகத்தை வைத்துக்கொள்கிறார்கள்.

புத்தகங்களை நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். திங்கட்கிழமை வாசகரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, போன ஐந்தும் எப்படி இருந்தன என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, வரப்போகும் ஐந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வியாழன் அன்று பை போகும். முப்பத்தேழு பேர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். “நல்லா இருந்துச்சு, இதே மாதிரி அனுப்புங்க.” இதே மாதிரி என்றால் எதே மாதிரி? எறும்பு மாதிரியா, கொலை மாதிரியா? கேட்டால் பதில் வராது.

முப்பத்தெட்டாவது ஆள், பத்து மாதத்துக்கு முன் சேர்ந்த லிஃப்ட்காரர். பெயர் நான் வைத்ததுதான். நாற்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்த மனிதர், இப்போது லிஃப்டே இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடியில் இருக்கிறார். “எல்லாரையும் மேல ஏத்தி விட்டேன்மா, என்னை இறக்கிவிடத்தான் ஆளில்ல” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மனைவி போய் எட்டு வருடம். பிள்ளைகள் இல்லை. அவரோடு நாற்பது நிமிடம் பேசுவேன். எங்கள் பிரிவுத் தலைவி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பேனாவால் தட்டுவாள். தட்டட்டும்.

அவர் பேச்சைக் கேட்க வேண்டும். ஒரு கால்பந்து நடுவரின் வாழ்க்கை வரலாற்றை அனுப்பியிருந்தேன். “பாவம்மா அந்த ஆளு. கடைசி வரைக்கும் ஒரு கோல்கூட அடிக்கல.” ஒரு துப்பறியும் கதையைப் பற்றி, “கொலைகாரனை விடுங்க, அந்த வீட்டுக் கதவுக்கு எண்ணெய் போட ஒருத்தருக்கும் தோணல பாருங்க” என்றார். எறும்புகள் பற்றிய புத்தகத்தில், வழி தப்பிய எறும்பு அங்குமிங்கும் ஓடாது, மற்ற எறும்புகள் வரும்வரை அதே இடத்தில் நிற்கும் என்ற பகுதி தன்னைத் தூங்கவிடவில்லை என்றார். எனக்கு அப்படி ஒரு பகுதி நினைவில்லை. புத்தகம் திரும்பி வந்ததும் வீட்டுக்கு எடுத்துப்போய் முதலிலிருந்து படித்தேன். கிடைக்கவில்லை. வயசாகிறது, கண் வரியைத் தாண்டிப் போகிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அனுப்பும் ஒவ்வொரு புத்தகத்தையும் நான் முதலில் படித்துவிடுவேன். அப்படி விதி ஒன்றும் இல்லை. சாயங்காலம் வீட்டில் வேறென்ன வேலை? கணவர் பதினொரு வருடத்துக்கு முன்பே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். தங்கை மாதம் ஒருமுறை கூப்பிட்டுத் தன் முழங்காலைப் பற்றிப் பேசுவாள். உண்மையைச் சொல்கிறேன், இந்த உலகத்தில் நான் படித்ததையே படித்து, அதைப் பற்றி என்னிடமே பேசுகிற ஆள் ஒருவர்தான் இருந்தார். திங்கட்கிழமை காலை நான் நல்ல புடவையாகப் பார்த்து எடுத்துக் கட்டுவேன். தொலைபேசியில் புடவை தெரியாது என்பது எனக்கும் தெரியும்.

இந்தப் பிரிவில் இன்னொரு விதியும் உண்டு. வாசகருக்குப் பார்வை போய்விட்டால் உடனே படிவம் எழுதி ஒலிப்புத்தகப் பிரிவுக்கு மாற்றிவிட வேண்டும். அது தலைமை நூலகத்தில், வேறு ஊரில் இருக்கிறது. மாதம் பத்து ஒலிப்புத்தகம் தபாலில் வரும், அனுப்புவது கணினி. யாரும் கூப்பிட்டு எதுவும் கேட்பதில்லை. நானே பதினொரு பேரை அப்படி மாற்றியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவர்கள் குரலை நான் கேட்டதில்லை. வாசகர் எண்ணைச் சொந்தப் பேச்சுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதும் விதிதான்.

போன மாதம் லிஃப்ட்காரருக்கு உப்பின் வரலாற்றை அனுப்பினேன். பைண்டிங்குக்குப் போய் அப்போதுதான் வந்திருந்தது. திங்கட்கிழமை அவர் உப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். உப்புக்காக ஊர் ஊராக நடந்தவர்கள், உப்பை மறைத்து வைத்தவர்கள், உப்பு விற்று வீடு கட்டி மழையில் வீட்டைக் கரையவிட்டவன் என்று ஒரே உப்பு மயம். “மேடம், இந்த வருஷத்துலேயே இதுதான் டாப்பு” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பத்து நாள் கழித்து ஒரு பள்ளி ஆசிரியை அதே புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் பொத்தென்று போட்டார்.

“என்னங்க இது? உப்புன்னு எடுத்துட்டுப் போனா உள்ள அண்ணன் தம்பி அடிச்சுக்கிறாங்க.”

திறந்து பார்த்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு நாவல். வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பிக்கொண்ட இரண்டு சகோதரர்களின் கதை. இரண்டு புத்தகமும் ஒன்றாகத்தான் பைண்டிங்குக்குப் போயின. பைண்டர் அட்டைகளை மாற்றி ஒட்டிவிட்டார். இரண்டையும் முன்பே படித்தவள் என்பதால் நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அலமாரியில் தேடினால், சகோதரர்களின் அட்டைக்குள் உப்பு பத்திரமாக இருந்தது.

ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அப்படியானால் லிஃப்ட்காரர் படித்த உப்பு எது? பின்னட்டையைத் திருப்பினேன். எட்டு வரிகள். ஊர் ஊராக நடந்தவர்கள் அதில் இருந்தார்கள், மறைத்து வைத்தவர்களும் இருந்தார்கள். மழையில் கரைந்த வீடு மட்டும் எங்கேயும் இல்லை.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! பத்து மாதம். நூறு புத்தகம். உட்கார்ந்து உட்கார்ந்து படித்து, இது அவருக்குப் பிடிக்கும், அது பிடிக்காது என்று பொறுக்கி அனுப்பியிருக்கிறேன். அந்த மனிதர் பின்னட்டையைப் பார்த்துவிட்டு எனக்குக் காது குத்தியிருக்கிறார். இல்லாத எறும்பைத் தேடி முன்னூறு பக்கம் படித்தவள் நான். கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. என்னோடு சேர்ந்து படித்துக்கொண்டிருந்த ஆள் இல்லவே இல்லை. இத்தனை நாளும் நான் தனியாகத்தான் படித்திருக்கிறேன்.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, உப்புப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நாலு மாடி ஏறுவதற்குள் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டேன். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கியதில் பாதி மறந்துவிட்டது.

கதவைத் திறந்தவர் நான் நினைத்ததைவிடக் குள்ளம். இஸ்திரி போட்ட சட்டை. என் முகத்துக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தார்.

“யாரு? வேன்காரரா? இன்னைக்கு வியாழன் இல்லையே.”

“நூலகத்துல இருந்து வந்திருக்கேன்.”

கதவைப் பிடித்திருந்த அவர் கை அப்படியே நின்றது. “மேடமா?” என்றார். “ஐயோ, வாங்க, வாங்க. வீடு போட்டது போட்டபடி கிடக்கு.”

வீடு துடைத்து வைத்தது போல இருந்தது. ஜன்னலோரம் ஒரு மேசை. அதில் தட்டு அளவு பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு, அதனடியில் என் ஐந்து புத்தகங்கள். ஐந்தும் குப்புறக் கிடந்தன. பக்கத்தில் ஒரு நோட்டு. தடித்த பேனாவால், உள்ளங்கை அளவு எழுத்தில், ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறி, ‘பூகம்பம். டாக்டர். 2 மகள். தபால்காரர் யாரு? கேட்கணும்’ என்று எழுதியிருந்தது. வரப்போகும் திங்கட்கிழமைக்கு அவர் தயாராகிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் வந்த கோபத்தை என்ன செய்வது?

“உப்புப் புத்தகத்துக்குள்ள உப்பே இல்ல சார்” என்றேன்.

“அப்புறம் என்ன இருந்துச்சு?”

“அண்ணன் தம்பி. வீட்டுக்கு நடுவுல சுவர். அட்டை மாறிப் போச்சு.”

“அட!” என்று சிரித்தார். “அது இன்னும் நல்லா இருந்திருக்குமே.”

“சிரிக்காதீங்க சார்! பத்து மாசமா என்னைக் கேணச்சி ஆக்கியிருக்கீங்க. அந்த எறும்புக்காக நான் முழுப் புத்தகத்தையும் மறுபடி படிச்சேன்.”

“எந்த எறும்பு?”

“வழி தப்பி, மத்தது வர்ற வரைக்கும் நின்ன எறும்பு.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “அது நானா சொன்னதும்மா” என்றார்.

நாற்காலியை அவரே தடவி இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். போன வருடம் நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் மட்டும் தெரிகிறது. பூதக்கண்ணாடிக்கு அடியில் ஒரு நேரத்தில் மூன்று எழுத்துத் தெரியும். ஒரு பின்னட்டைக்கு இரண்டு நாள் ஆகும். ஐந்து அட்டையும் முடிவதற்குள் பேச வேண்டிய திங்கட்கிழமை வந்துவிடும்.

“தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். ஆனா படிக்காம உங்ககிட்ட எப்படிப் பேசறது? மிச்சத்தை நானே சேர்த்துக்குவேன்.”

“முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்.”

“சொன்னா மாத்திடுவீங்களே. பக்கத்துத் தெருப் பெரியவரை அப்படித்தான் மாத்தினீங்க.”

ஒலிப்புத்தகம் எவ்வளவோ மேல் என்றேன். முழுக் கதையும் கேட்கலாம், நல்ல குரல் உள்ளவர்கள் படித்திருப்பார்கள் என்றேன். தரகு பேசுவது போல எனக்கே இருந்தது.

“அவங்ககிட்ட நான் திருப்பிப் பேசலாமா?”

“முடியாது.”

“சரிதான்” என்றார். விளக்கைத் தள்ளி வைத்துவிட்டு, “அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? கோச்சுக்கக் கூடாது. அந்தக் கப்பல் சமையல்காரன் நாவல் அனுப்பினீங்களே. அதுல ஒரு பொம்பள வருவா, சாயங்காலம் வேலை விட்டு வந்து கதவைத் திறந்ததும், உள்ள யாருமே இல்லாத வீட்டைப் பாத்து ‘நான்தான், வந்துட்டேன்’னு சத்தமா சொல்லுவான்னு சொன்னீங்க. அந்தப் பொம்பளைக்காகவே படிக்கலாம்னீங்க. அப்படி ஒருத்தி அதுல இருக்காளா?”

அந்த நாவலில் பெண்களே கிடையாது. முதலிலிருந்து கடைசி வரை கடல்.

“இல்ல” என்றேன்.

“தெரியும்” என்றார். “பின்னட்டையில நாலு நாள் தேடினேன்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. சத்தம் கேட்காமல் அழப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் தெரியாதவர் எதற்காகத் திரும்ப வேண்டும்? ஆனாலும் திரும்பிக்கொண்டார்.

அந்த மாற்றல் படிவம் எப்போதும் போல என் பையில் இருந்தது. எழுதாமல் விட்டுவிட என்னால் முடியும். யாருக்குத் தெரியப்போகிறது? பூதக்கண்ணாடிக்கு அடியில் அவர் தலை தெறித்தாலும், திங்கட்கிழமை எனக்கு மிஞ்சும். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் செய்ய நினைத்தேன். அந்த நோட்டைத் திரும்பப் பார்த்தேன். ‘தபால்காரர் யாரு? கேட்கணும்.’ அந்தத் தபால்காரர் முதல் அத்தியாயத்தின் நாலாவது பக்கத்திலேயே வந்துவிடுகிறார். இந்த மனிதருக்கு ஒரு முழுக் கதையாவது கிடைக்க வேண்டாமா?

படிவத்தை எழுதினேன். எழுதியதை வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் விரலை வைத்தேன்.

“இதோட திங்கட்கிழமை போச்சு, இல்லையா?”

“ஆபீஸ்ல இருந்து வராது. என் சொந்த நம்பர் தரேன்.”

சொல்ல ஆரம்பித்தேன். ஆறு இலக்கம் சொன்னேன். அதற்குமேல் வரவில்லை. யாரும் கேட்காத எண் எப்படி ஞாபகம் இருக்கும்? மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ஆறோடு நின்றுவிட்டது. அவர் எண் மட்டும் எனக்கு மனப்பாடம். அதனால் என் கைபேசியிலிருந்து அவர் எண்ணைக் கூப்பிட்டேன். மேசைமேல் இருந்த அவர் பொத்தான் போன் மணியடித்தது. எடுத்து உடனே துண்டித்தார்.

“வந்துடுச்சு சார். யாரையாவது விட்டுப் பேர் போட்டு வச்சுக்குங்க. எனக்கு அப்புறம் வேற யாராவது கூப்பிட்டா என் நம்பர் கீழ போயிடும்.”

“பேரெல்லாம் வேணாம்மா” என்றார். “பச்சைப் பொத்தானை ரெண்டு தடவ அமுக்கினா கடைசியா வந்த நம்பருக்குப் போகும். உங்களுக்கு அப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க.”